அரை வீரியம்

தோலெகென் அண்ணனின் தொட்டி அறுநூறு லிட்டர் பிடிக்கும். எங்கள் தெருவில் முப்பத்தோரு வீடுகள். கூட்டுப்பண்ணையைக் கலைத்து ஆப்பிள் தோட்டத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தபோது தொட்டியைப் பிரிக்க முடியவில்லை. அதை இழுக்கும் டிராக்டரையும் பிரிக்க முடியவில்லை. இரண்டையும் ஓட்டிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுக்காரரிடமே விட்டுவிட்டார்கள். அவருக்கு இப்போது ஐம்பதாகப் போகிறது. கோடையில் மூன்று தடவை, விடியற்காலையில், காற்று எழும்புவதற்கு முன்னால், தெருவின் மேல்கோடியிலிருந்து மருந்து அடித்துக்கொண்டே இறங்குவார்.

மருந்தின் வாடை அவருக்குத் தெரியாது. மூக்கு செத்து இருபது வருஷமாகிறது.

“நல்லதாப் போச்சு. என் சாக்ஸ் நாத்தம்கூடத் தெரியல” என்பார்.

“எங்களுக்குத் தெரியுதே” என்பார் அவர் மனைவி சானியா அண்ணி.

ஒரு தடவைக்கு ஒரு கேன் மருந்துதான் தோட்டக்காரர்கள் சங்கத்திலிருந்து வரும். ஒரு கேனுக்கு ஒரு தொட்டி தண்ணீர். அதுதான் அளவு, கேன்மேலேயே அச்சடித்திருக்கும். அந்த அளவில் அடித்தால் இருபதாவது வீட்டோடு தொட்டியில் அடிமட்டம் தெரிய ஆரம்பித்துவிடும். மீதி வீடுகள் கீழ்க்கோடியில் இருக்கின்றன. எங்கள் வீடு இருபத்து மூன்றாவது.

முதல் வருஷம் அவர் இருபத்தோராவது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்லத்தான் இறங்கினாராம். அந்த வீட்டம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் பால் விட்ட டீ, தட்டில் ரொட்டி. மருந்து அடிக்க வருகிறவருக்கு எல்லா வீட்டிலும் அதைக் கொடுப்பார்கள். டீயை வாங்கிக் குடித்துவிட்டு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. டீயை வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. குடித்தார். ஓடைப் பாலத்துக்குப் போய் உறிஞ்சுகுழாயைத் தண்ணீருக்குள் போட்டு, அடியில் மிஞ்சியிருந்த மருந்தோடு அதே அளவு தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார். மிச்ச வீடுகளுக்கும் அடித்தார்.

விருந்தாளி வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் இறைச்சிச் சாறு கொதிக்கிற சட்டியில் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். சாறு கொஞ்சம் மெலியும், ஆனால் யாரும் வெறும் வயிற்றோடு எழுந்து போக மாட்டார்கள். அவர் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அண்ணன் அதையே தொட்டியிலும் செய்தார். அது தப்பு என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றவில்லை. யாருக்கும் இல்லை என்று சொல்லாத ஆள் என்று தெருவில் அவருக்குப் பேர். அந்தப் பேருக்கு அவர் ஆசைப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. அதை இழக்க அவருக்குப் பயம் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

குழாய் ஓடையில் கிடப்பதைச் சின்ன வயதிலிருந்து எங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கேன் ஒன்று திறக்கப்படுவதைப் பார்த்ததே இல்லை. பார்க்கவில்லை என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தெருவில் அவருடைய தொட்டி நுழையாத வீடு ஒன்றே ஒன்றுதான். முப்பத்தோராவது வீடு, ரௌஷான் அக்காவுடையது. அஞ்சலகத்தில் கடிதம் கொண்டு கொடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை, பிள்ளைகள் நகரத்தில். நாற்பத்து மூன்று மரங்கள், எட்டுத் தேனீப் பெட்டிகள். அவருடைய வேலிக்குப் பின்னால் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவு முழுக்கக் காட்டு ஆப்பிள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, மருந்து அடித்த மறுநாள், பெட்டிகளின் வாயில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து அண்ணனிடம் காட்டினார். சத்தம் போடவில்லை.

“தம்பி, இனிமே உன் தொட்டி என் வேலியத் தாண்ட வேண்டாம்.”

“சரிக்கா” என்றார் அண்ணன்.

அதற்கப்புறம்தான், மெதுவாக, கீழ்க்கோடியில் புழு கூடியது. பூ உதிர்ந்து காய் பிடித்ததும் ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி இலையில் முட்டை வைக்கும். புழு காயைத் துளைத்து விதைவரை போய்த் தின்னும். வெளியே தவிட்டு நிறத்தில் சின்னதாக ஒரு கட்டி மட்டும் தெரியும். போன வருஷம் பழம் வாங்க வந்த லாரிக்காரர் எங்கள் பெட்டிகளிலிருந்து இருபது பழம் எடுத்து அறுத்தார். ஒன்பதில் புழு. பெட்டியை மூடிவிட்டு மேல்கோடிக்குப் போய்விட்டார்.

புழு எங்கேயிருந்து வருகிறது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மருந்தே அடிக்காத தோட்டம் ஒன்று தெருமுனையில் கண்ணெதிரே நின்றது. அக்காவின் பழங்களிலும் புழு உண்டு. மூன்றில் ஒன்றில் இருக்கும், அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சீவிக் காயப்போடுவார்.

“அந்தத் தோட்டம் புழுவுக்கு மாமியார் வீடு. தின்னுட்டு, தூங்கிட்டு, காலையில நம்ம பக்கம் வேலைக்கு வருது” என்றார் தெருத் தலைவர் குவாந்திக்.

செப்டம்பரில் தெருக்கூட்டம் போட்டார்கள். தோட்டத்துக்குள் தொட்டியை விட வேண்டும், அல்லது மரங்களை எடுக்க வேண்டும் என்று பேச்சு. வாக்குவாதம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். ரௌஷான் அக்கா எழுந்து நின்றார்.

“தேனீயச் சாகடிக்க என்னால முடியாது. மரத்த எடுத்துக்கங்க. உங்க எல்லார் பொழப்பும் என் பிடிவாதத்தால கெட்டுச்சுன்னா, அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்.”

நவம்பரில், இலை கொட்டியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க ஒன்றுகூடி வெட்டித் தருவது என்று முடிவாயிற்று. அந்த வாரமே அவர் வீடு வீடாகப் போனார். முப்பது வீடுகளுக்கும் ஒவ்வொரு சின்ன ஜாடித் தேன். எங்கள் வீட்டுக்கும் வந்தார். “என்னாலதான் இவ்வளவும். மனசுல வெச்சுக்காதீங்க” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தேனை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

நான் நகரத்தில் தாவரப் பாதுகாப்பு நிலையத்தில் ஆய்வக உதவியாளன், தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். அந்தக் கோடையில் எங்கள் தெருவையும் கணக்கெடுப்பில் சேர்த்திருந்தார்கள். மரத்தடியைச் சுற்றி நெளி அட்டைப் பட்டை கட்டினால், கூடு கட்ட இறங்குகிற புழுக்கள் அதற்குள் புகுந்துகொள்ளும். மேல்கோடியில் கட்டினேன், கீழ்க்கோடியில் கட்டினேன், ரௌஷான் அக்காவின் தோட்டத்திலும் கட்டினேன். அக்டோபர் கடைசியில் பட்டைகளைப் பிரித்துப் புழுக்களை எடுத்து, ஐஸ்மேல் வைத்து ஒவ்வொன்றாக அரைத்து, வடிகட்டி, குழாய்களில் ஊற்றிச் சாயம் சேர்த்தேன். விஷத்தை உடைக்கிற நொதி புழுவின் உடம்பில் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நிறம் கறுக்கும்.

அக்காவின் தோட்டத்துப் புழுக்கள் வெளிர் ஊதா. மேல்கோடி அதைவிடக் கொஞ்சம் அழுத்தம். கீழ்க்கோடிக் குழாய்கள் கருந்திராட்சைச் சாறு மாதிரி இருந்தன. குழாய்க்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியவில்லை.

தலைமை ஆய்வாளர் ஐரீனா பாக் மூன்று வரிசைகளையும் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இந்த மூணாவது எங்கேருந்து?”

“எங்க தெரு, மேடம். இருபத்தொண்ணாவது வீட்டுக்குக் கீழ.”

“யாரு மருந்து அடிக்கிறா அங்க?”

“தோலெகென் அண்ணன்.”

“அவரு மருந்து அடிக்கல. டானிக் குடுத்திருக்காரு.”

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

“முழு அளவு விழுந்தா புழு சாகும். பாதி விழுந்தா மயங்கி விழும், அப்புறம் எழுந்திரிக்கும். எழுந்தது சும்மா இருக்காது. இந்த நொதிய ரெண்டு மடங்கு, மூணு மடங்கு சுரக்கும். யாருக்கு அது நல்லா வருதோ அதுதான் மிஞ்சும், அதோட பிள்ளைங்கதான் அடுத்த கோடையில வரும். ஜூலையில நீ வளர்த்த அந்துப்பூச்சிங்க எத்தனை முட்டை போட்டுச்சு?”

நோட்டைப் பார்த்துச் சொன்னேன். அக்கா தோட்டத்துப் பெண்பூச்சி சராசரியாக நாற்பத்தொன்று. கீழ்க்கோடிப் பூச்சி, மெலிந்த மருந்து தடவிய தாளில் நடந்துவிட்டு வந்தபின், அறுபத்தெட்டு.

“பாரு. சாகாத அளவு விஷம் பட்டா, செத்துப் போறோமோங்கற அவசரத்துல பெத்துத் தள்ளுது. எத்தனை வருஷமா தண்ணி கலக்கறாரு அந்த ஆளு?”

இந்த மருந்து வந்து பதினைந்து வருஷம். வருஷத்துக்கு இரண்டு தலைமுறை. ஓடைக்குள் கிடந்த குழாய் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. தெரியாது என்று சொன்னேன்.

அவர் முதல் வரிசையை எடுத்தார். “இவ்வளவு மெல்லிசான புழுவ நான் இந்தப் பக்கத்துல பார்த்தே ரொம்ப நாளாச்சு. இருக்கற மருந்துல பத்துல ஒரு பங்குக்கே செத்துடுது. காட்டு ஆப்பிள் பக்கத்துல இருக்கா?”

“வேலிக்குப் பின்னாலயே.”

“அதான். அங்கேருந்து இந்தத் தோட்டத்து வழியாத்தான் ஊருக்குள்ள வருது. இதுங்க போய் அந்தக் கீழ்க்கோடிப் பூச்சிங்களோட சேர்ந்தாத்தான் அடுத்த தலைமுறை கொஞ்சமாவது மருந்துக்கு மடியும். வேற வழி இல்ல. இந்தத் தோட்டத்த மட்டும் யாரும் தொடக்கூடாது. நான் எழுதி அனுப்பறேன், கையெழுத்தெல்லாம் ஆகி வர ஜனவரி ஆயிடும். அதுக்குள்ள நீ உங்க தெருவுல வாயால சொல்லிடு.”

வாயால சொல்லிடு. அவருக்கு அது சுலபமான வேலையாகத் தெரிந்தது. நான் கூட்டங்களில் கதவோரம் நிற்கிறவன். வெட்டுவதற்குப் பதினேழு நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணனின் கொட்டகைக்குப் போனேன். குளிர்காலத்துக்காகத் தெளிப்பு முனைகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரு விஷயம்.”

“நீ வாயத் தொறந்தா விஷயமாத்தான் இருக்கும். சும்மா பேசற ஆளா நீ. சொல்லு ஐதோஸ்.”

சொன்னேன். நிறம், முட்டை, மூன்று வரிசைகள். நான் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று, ஏனென்றால் சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர்த்து மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு முனையை வாயில் வைத்து ஊதி, வெளிச்சத்தில் பார்த்து, திரும்ப ஊதினார்.

“அப்போ நான் இத்தனை வருஷமா புழுவுக்கு விருந்து வெச்சிருக்கேன்.”

“அப்படி இல்லண்ணே…”

“அப்படித்தான்.” முனையைக் கீழே வைத்தார். “ரௌஷான் அக்கா தோட்டத்துலேருந்து வரலையா?”

“அங்கேருந்து வர்றது சாகற புழு. சாகாதது நம்ம பக்கத்துலதான் வளர்ந்திருக்கு. அவங்க மரத்த வெட்டிட்டா இன்னும் மோசமாயிடும்.”

அவர் கையைத் துணியில் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கையைத்தான் துடைத்தார்.

“அக்கா எங்க வீட்டுக்கும் தேன் கொண்டாந்தாங்க. உன் மருந்தெல்லாம் என்னால வீணாப் போச்சு தம்பின்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா?”

“என்ன?”

“பரவால்லக்கான்னு சொன்னேன்.”

வெளியே சானியா அண்ணி கோழிகளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

“பெருந்தன்மையாச் சொன்னேன்டா. அந்தத் தேனத்தான் தினம் டீயில போட்டுக் குடிச்சுக்கிட்டிருக்கேன்.” முனைகளை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, “நீ யார்கிட்டயும் சொல்லாதே. நீ சொன்னா காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நானே சொல்லிடறேன்” என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

பதினேழு நாளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் குவாந்திக் வீட்டுக்குப் போனார். ஒருமணி நேரம் கழித்து வந்தார்; குவாந்திக்கின் வெளிக்கதவுக் கீலை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இன்னொரு நாள் ரௌஷான் அக்கா வீட்டுக்குப் போனார். குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு முழுவதையும் பிளந்து அடுக்கிவிட்டு வந்தார். சொன்னாரா என்று கண்ணால் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழ்க்கோடி வீடுகள் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வேலை செய்தார், புகைபோக்கி சுத்தம் பண்ணினார், உருளைக்கிழங்கு மூட்டையை நிலவறையில் இறக்கினார்.

“உங்க அண்ணனுக்கு என்னடா ஆச்சு? தெருவுல எல்லார் வீட்டு வேலையும் செய்றாரு. நம்ம வீட்டுக் கொட்டகைக் கூரை மட்டும் ஒழுகுது” என்று சானியா அண்ணி என்னைப் பிடித்துக் கேட்டார்.

“தெரியலண்ணி” என்றேன். அது இரண்டாவது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. எட்டு மணிக்கெல்லாம் இருபது பேருக்குமேல் ரௌஷான் அக்காவின் தோட்டத்தில் கூடிவிட்டோம். இந்த மாதிரிக் கூட்டுவேலைக்கு எங்கள் ஊரில் சம்பளம் கிடையாது. யாருக்காக வேலையோ அந்த வீட்டார் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே தன் மரங்களை வெட்ட வந்தவர்களுக்காக அக்கா விடியற்காலையிலேயே எழுந்து மாவு பிசைந்திருந்தார். பெரிய தாம்பாளத்தில் சுட்ட உருண்டைகள் மலையாக இருந்தன. அடுப்பில் ஒரு முழு ஆட்டுத் தொடை வெந்துகொண்டிருந்தது.

பெட்ரோல் ரம்பம் தோலெகென் அண்ணனுடையதுதான். தெருவில் வேறு யாரிடமும் இல்லை.

“வாப்பா, தோலெகெனு. நீதான் ஆரம்பிக்கணும். உன் மருந்தத் தோக்கடிச்ச மரம்” என்றார் குவாந்திக்.

அவர் முதல் மரத்தடியில் நின்றார். இப்போது சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். மரத்தைச் சாய்க்கக் கட்டிய கயிற்றின் ஒரு முனை என் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. ரம்பத்தின் கயிற்றை இழுத்தார்.

முதல் மரம் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது மரத்தின் பட்டைக்குள்ளிருந்து குவாந்திக் ஒரு புழுவை நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“பாருங்கய்யா. மெத்தை போட்டுத் தூங்கிக்கிட்டிருந்தாரு தொரை. தோலெகெனு, உன் பழைய சிநேகிதன், கும்பிடு போடு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தப் புழுவை நான் ஆய்வகத்தில் பார்த்திருந்தால் அதன் நிறம் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாவது மரம் விழுந்ததும் ரம்பத்தில் பெட்ரோல் தீர்ந்தது. நிரப்புவதற்காக அவர் ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்தார். கண்ணாடியில் மரத்தூள் படிந்திருந்தது. ரௌஷான் அக்கா டீக்கோப்பையும் தட்டுமாக வந்து அவர் பக்கத்தில் வைத்தார். மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவருக்குத்தான் கொடுத்தார்.

“நல்லாச் சாப்பிடு தம்பி. இன்னும் முப்பத்துநாலு இருக்கு. தேன் போட்டிருக்கேன், உனக்குப் புடிக்குமாமே. சானியா சொன்னா.”

அவர் கோப்பையைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை. திரும்பக் கீழே வைத்தார்.

“அக்கா, புழு உங்க தோட்டத்துலேருந்து வரல.”

“என்னப்பா?”

“இருபத்தொண்ணாவது வீட்டுலேருந்து நான் தண்ணி கலந்துதான் அடிச்சேன். எல்லா வருஷமும். ஒரு கேன்தான், ரெண்டாவது கேன்னு ஒண்ணு இருந்ததே இல்ல. அரை வீரியத்துல அடிச்சு அடிச்சு நான்தான் அதுங்கள வளர்த்தேன். உங்க மரத்துல இருக்கறது சாகற புழு. அதுதான் நமக்கு வேணுங்கிற புழு. பரிசோதனை பண்ணிப் பார்த்தாச்சு.”

தூரத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் கிளை வெட்டுவதை நிறுத்தினார்கள். அப்புறம் தோட்டம் முழுக்க ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“எப்போலேருந்து தெரியும் உனக்கு?” என்றார் அக்கா.

“பதினேழு நாளா.”

“காலையில வந்து டீ குடிச்சியே. அப்போ?”

“தெரியும்.”

“மொதல் மரம் வெட்டும்போது?”

“தெரியும்க்கா.”

“அஞ்சாவது?”

அக்கா ஒன்பதுவரைக்கும் கேட்பார்போல் இருந்தது. கேட்கவில்லை. வெட்டுக்கட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். புது வெட்டு, வெள்ளையாக இருந்தது.

“ஏன்யா, ஒன்பது மரம் சாஞ்ச பிறகா வாயத் தொறப்பே?” என்று குவாந்திக் முன்னால் வந்தார். “எங்க பத்து வீட்டையும் தண்ணி ஊத்தி ஏமாத்திட்டு…”

“விடுங்க” என்றார் ரௌஷான் அக்கா. “எல்லாரும் கையக் கழுவிட்டு உள்ள வாங்க. சாப்பிட்டுப் போங்க. சமைச்சத என்ன பண்றது.”

யாரும் நகரவில்லை. “வாங்கன்னு சொல்றேன்ல” என்றார் அவர். அதற்கப்புறம் போகாமல் இருக்க முடியாது. இருபத்து மூன்று பேர் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆட்டுத்தொடையைச் சாப்பிட்டோம். தோலெகென் அண்ணனுக்கும் ஒரு தட்டு வைத்தார். அவர் அதை முழுவதும் சாப்பிட்டு முடித்தார். ஒரு மனிதன் சாப்பிடுவதைப் பார்க்க அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

மறுநாள் அவர் கடப்பாரையோடு போய் வெட்டுக்கட்டைகளைத் தோண்ட ஆரம்பித்தாராம், புதுக் கன்று வைத்துத் தருவதாக. அக்கா கடப்பாரையைப் பிடுங்கி வேலியில் சாய்த்தார்.

“கன்று அப்புறம். நான் முப்பது வீட்டு வாசல்ல போய் நின்னு, என்னாலதான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அந்தச் சொல்ல மொதல்ல திரும்ப வாங்கிட்டு வா.”

போனார். மூன்று நாள் ஆயிற்று. மேல்கோடிக்காரர்கள் அவர் பேசி முடிப்பதற்குள் டீயை நீட்டினார்கள். அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கீழ்க்கோடியில் இரண்டு வீட்டில் உள்ளே விடவில்லை. குவாந்திக், “எனக்கு மருந்து வேணும், மன்னிப்பு வேண்டாம். அடுத்த வருஷம் எங்க வீட்டுலேருந்து ஆரம்பி” என்றாராம். அடுத்த வருஷம் ஒரு கேனுக்கு ஒரு தொட்டிதான், இருபது வீட்டுக்குமேல் வர முடியாது, சங்கத்தில் இன்னொரு கேன் வாங்கித் தந்தால்தான் உண்டு என்று அண்ணன் நின்றபடியே சொல்லிவிட்டு வந்தார். இல்லை என்று அவர் ஒருவரிடம் சொன்னதை நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அடுப்புப் பக்கத்தில் இருந்தேன். அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். தண்ணீர் கலந்தது, மறைத்தது, மரம் வெட்டியது. பரிசோதனை செய்தது யார் என்பதைச் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் அதை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். “நான் ஒருத்தன்தான்” என்று முடித்தார்.

வெளியே அவர் பின்னால் போனேன். “அண்ணே, எனக்கும்தானே தெரியும்.”

“உன்ன வாய மூடச் சொன்னது நான்.”

“நீங்க சொல்லலேன்னாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.”

அவர் நின்றார். “அப்போ அதப் போய் அவங்ககிட்டச் சொல்லு. என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்.”

போனேன். ரௌஷான் அக்கா பெட்டிகளுக்குக் குளிர் தாங்க வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். கயிற்றின் முனையை என்னிடம் நீட்டி, “இறுக்கிப் புடி” என்றார். எட்டுப் பெட்டிகளையும் சுற்றி முடித்தோம். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஜனவரியில் நிலையத்தின் கடிதம் வந்தது. முப்பத்துநாலு மரங்களும் பிழைத்தன. வசந்தத்தில் சங்கம் இரண்டாவது கேனுக்குச் சம்மதித்தது. வேறு மருந்து, வேறு வகை. அண்ணன் அளவுக்கோப்பையை இரண்டு தடவை பார்த்து ஊற்றுகிறார், மூன்றாவது தடவை என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

ஆனால் மே மாதத்தில் அவரைப் பார்க்க வேண்டுமானால் வீட்டில் பார்க்க முடியாது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம், ரௌஷான் அக்காவின் தோட்டத்தில் அந்த ஒன்பது வெட்டுக்கட்டைகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்திருப்பார். மரங்களின் உச்சியில் சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் எழும்பும். அவ்வளவு சின்னவை, வானம் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தால்தான் தெரியும். முப்பது வருஷம் அவற்றைக் கொல்லப் போனவர், அண்ணாந்து பார்த்தபடி, அவை தெருப்பக்கம் பறக்கின்றனவா என்று எண்ணிக்கொண்டிருப்பார். காற்று எதிர்த்து அடித்தால் அவர் உதடு அசையும். போ, போ என்று சொல்வதுபோல் இருக்கும்.

நேற்று நானும் போயிருந்தேன். அக்கா பெட்டிகளை மூடிவிட்டு எங்களைத் தாண்டி வீட்டுக்குப் போனார்.

“பறக்குதா?” என்று நிற்காமலே கேட்டார்.

“பறக்குதுக்கா. கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு” என்றார் அண்ணன்.

“ஒன்பது மரம் இல்லல்ல” என்றார் அவர்.